எல்லாம் விழுந்த இரவு

எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்குள் போகிற இரவு எல்லாக் கூடைப்பந்து அணிக்கும் எப்போதாவது வாய்க்கும். மறுநாள் காலை அதற்கு ஒரே விளக்கம்தான் காதில் விழும்: "நேத்து அவங்களுக்கு எல்லாம் விழுந்துச்சு, அவ்வளவுதான்." தோற்ற அணியின் ரசிகர் சொன்னால் விட்டுவிடலாம், வலி ஆற வேண்டும். ஆட்டத்தை விளக்கிச் சொல்லவே சம்பளம் வாங்குகிறவர்களும் இதையே சொல்வதுதான் பொறுக்கவில்லை. ஒரு அணி பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்துக் கற்றதை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக்குவது சோம்பேறித்தனம். உழைத்தவர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட.

2014 ஜூன் 10, மயாமி. என்.பி.ஏ. இறுதித் தொடரின் 3-வது ஆட்டம். மயாமி அணிக்கு எதிராக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் முதல் பாதியில் எறிந்தது 33, உள்ளே போனது 25. அதாவது 75.8 சதவீதம். இறுதித் தொடரின் ஒரு பாதியில் அதற்கு முன் எந்த அணியும் அதைத் தொட்டதில்லை. ஒரு கட்டத்தில் 21-க்கு 19 விழுந்திருந்தது. இடைவேளைக்குள் 71 புள்ளி, முடிவில் 111-92. இனி ஒருபோதும் இப்படி எறிய மாட்டோம் என்று பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச்சே சொன்னார். அதிர்ஷ்டக் கட்சியினர் இன்றுவரை பிடித்துத் தொங்குவது அந்தப் பேச்சைத்தான்.

அவர்கள் அந்த 25-ஐ மட்டும் எண்ணுகிறார்கள். எறிவதற்கு முந்தைய மூன்று நொடியைப் பார்ப்பதில்லை. மயாமியின் தடுப்பு முறை இதுதான்: சக வீரர் மறைத்து நிற்கும் ஸ்கிரீனைச் சுற்றிப் பந்தோடு வருகிறவன் மீது இரண்டு பேர் ஒன்றாகப் பாய்வது. மற்ற அணிகள் அதில் திணறிப் பந்தைப் பறிகொடுத்தன. ஸ்பர்ஸோ அந்த இருவரும் வந்து சேரும் முன்பே பந்தைக் கைமாற்றியது. இருவர் ஒருவனிடம் போய்விட்டதால் மீதிக் களத்தில் நான்கு பேருக்கு எதிராக மூன்றே பேர். ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்குகிற போரிஸ் டியாவ் அதைத் தரையில் ஒருமுறைகூடத் தட்டாமல் மூலைக்கு அனுப்புவார். அங்கே டேனி கிரீன் கால் ஊன்றி, கை தயாராக நிற்பார். மூலையில் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 22 அடி, நடுவில் 23 அடி 9 அங்குலம். யாரும் மறைக்காத, நெருங்கிய தூரத்து ஷாட். அந்த இறுதித் தொடரில் டியாவை அன்றுதான் தொடக்க ஐவரில் இறக்கினார் பாப்பவிச். இதில் எது தற்செயல்?

அன்று 29 புள்ளி எடுத்த கவாய் லெனர்டின் கதை இன்னும் அழுத்தமானது. முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் 9, 9 எடுத்தவர். கல்லூரி நாட்களில் அவருடைய மூன்று புள்ளி எறிதல் நான்குக்கு ஒன்றுதான் விழும். 2011-இல் ஸ்பர்ஸுக்கு வந்ததும், ஷூட்டிங் பயிற்சியாளர் சிப் எங்கெலாண்ட் அவர் பந்தைக் கையிலிருந்து விடும் விதத்தையே மாற்றினார். முதல் பருவத்திலேயே லெனர்ட் 37 சதவீதத்தைத் தாண்டினார். ஆளில்லா ஜிம்மில் ஒரே அசைவை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்தவனைப் பார்த்து 'அதிர்ஷ்டக்காரன்' என்பதற்கு மனம் எப்படித்தான் வருகிறதோ.

சரி, அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த ஆட்டத்தில் அது போயிருக்க வேண்டுமே? இரண்டே நாளில், அதே அரங்கில் 107-86. டியாவ் எடுத்தது 8 புள்ளிதான், ஆனால் 9 முறை அடுத்தவர் புள்ளி எடுக்கப் பாஸ் கொடுத்தார். தொடர் முழுவதற்கும் ஸ்பர்ஸின் கணக்கு 52.8 சதவீதம், அதுவும் சாதனை. ஐந்து ஆட்டம் வரை கூடவே வருவதை யாரும் அதிர்ஷ்டம் என்று அழைப்பதில்லை.

2016 டிசம்பரில் கோல்டன் ஸ்டேட் அணியின் கிளே தாம்சன் 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்த ஆட்டத்தையும் பாருங்கள். பந்து அவர் கையில் இருந்தது மொத்தமாக ஒன்றரை நிமிடம். தட்டியது 11 முறை. மற்றவர்கள் ஓடி, மறைத்து, விட்டுக்கொடுத்து அவருக்கு வழி திறந்துகொண்டே இருந்தார்கள். புகழ் ஒருவருக்குப் போனது, போகட்டும்.

எதிர்த்தரப்பின் பலமான சீட்டு ஹூஸ்டன் ராக்கெட்ஸ். 2018 மே 28, மேற்கு மண்டல இறுதியின் 7-வது ஆட்டம். தொடர்ந்து 27 மூன்று புள்ளி எறிதல்கள் தவறின, மொத்தம் 44-க்கு 7. அவற்றில் நல்ல ஷாட்டுகளும் இருந்தன, அன்று அவர்களைத் துரதிர்ஷ்டம் துரத்தியது உண்மை. ஆனால் பந்தைப் பங்கிடும் கிறிஸ் பால் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஒரு பந்து விளிம்பில் சுற்றி உள்ளே விழுமா வெளியே போகுமா என்பது யார் கையிலும் இல்லை. எத்தனை பந்து காவலில்லாமல் எறியப்படும் என்பது முழுக்க அணியின் கையில் இருக்கிறது.

2024 அக்டோபர் 22 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் நியூயார்க்குக்கு எதிராக 29 மூன்று புள்ளிகள் எடுத்து, மில்வாக்கி 2020-இல் படைத்த சாதனையைச் சமன் செய்தது. வெற்றி உறுதியான பிறகு 30-வதை எட்டுவதற்கென்றே எறிந்தார்கள். தொடர்ந்து 13 எறிதல்கள் வெளியே போயின. அதே அரங்கு, அதே வளையம். ஆட்டத்தின் ஓட்டத்தில் பிறந்த ஷாட் வேறு, எண்ணிக்கைக்காக எறிகிற ஷாட் வேறு.

2013-14 பருவத்திலிருந்தே எல்லா என்.பி.ஏ. அரங்குகளிலும் ஆட்டக்காரர்களின் நகர்வைப் பதிவு செய்யும் கேமராக்கள் உள்ளன. எறிந்தவனுக்கும் தடுத்தவனுக்கும் இடையே எத்தனை அடி, அவனை விடுவித்த ஸ்கிரீன் யாருடையது என்பதெல்லாம் கணக்கில் இருக்கிறது. நேரலையில் சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், அதன் பக்கத்திலேயே இந்த விவரத்தையும் போடட்டும். அதைப் போட்டுவிட்டு, பிறகு அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசட்டும்.