வௌவாலுக்கா ரெக்கோர்ட் பண்ணுறோம்?

கம்பளைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்படித்தவர் ஒருவர் இருந்தார். நாற்பது வருசத்துக்கு மேல் அடித்தவர். கூத்து மாசியில். அவர் போன தையில் போய்விட்டார்.

அவருடைய அடியைப் பதிவு செய்யணும் என்று எங்க கம்பஸ் வட்ஸ்அப் குழுவில் முதன்முதலில் பேசினது இரண்டு வருசத்துக்கு முன்னால். ஏன் செய்யவில்லை? ரெக்கோர்டர் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை? எதை வாங்குவது என்று முடிவாகவில்லை. 48 கிலோஹேர்ட்ஸ் போதுமா, 96 வேணுமா, 192 இருந்தால் இன்னும் நல்லமா என்று இரண்டு வருசம் சண்டை பிடித்தோம். 96 பக்கம் நின்றவன் நான். அதனால் இங்கே வருகிற கோபத்தில் பாதி என் மேலதான்.

மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்று ஓ.எல். விஞ்ஞானத்திலேயே படித்தோம். அதுவும் சின்னப் பிள்ளையின் காதுக்கு. வயது ஏற ஏற மேல்முனை தேய்ந்துகொண்டே போகும். ஒரு ஒலியை எண்ணாக மாற்ற, அதன் அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஒரு செக்கனுக்கு அத்தனை தடவை மாதிரி எடுத்தால் போதும். நைக்விஸ்ட், ஷனன் காலத்திலிருந்து இருக்கிற கணக்கு இது. சீடிக்கு 44,100 என்று வைத்ததும் இதை வைத்துத்தான். அதில் பாதி 22,050. நமக்குக் கேட்கிறதெல்லாம் அதுக்குள்ளே முடிந்துவிடும். இரண்டு மாதிரிக்கு நடுவில் இசை தொலைந்துபோகிறது என்று எங்க குழுவில் ஒருத்தன் படிக்கட்டு மாதிரிப் படம் போட்டுக் காட்டினான். தொலைவதில்லை. அந்த எல்லைக்குள் இருக்கிற அலை முழுசாகத் திரும்பி வரும்.

அப்படியானால் 96 வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது என்ன? 22-க்கும் 48-க்கும் இடைப்பட்ட கிலோஹேர்ட்ஸ். அது பூச்சி பிடிக்கிற வௌவாலின் உலகம். பேராதனைப் பூங்காவில் மரம் மரமாகத் தொங்குகிற பழந்தின்னி வௌவாலுக்குக்கூட அது தேவையில்லை. அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறக்கிற பிராணி.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தரப் பதிவையும் அதையே சீடி தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 தடவையில் 276 சரி. காசு சுண்டினாலும் அவ்வளவு வரும். 2016-இல் ஜொஷுவா ரைஸ் இப்படியான 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 வீதம் வந்தது. சரி, ஏதோ ஒரு துளி வித்தியாசம் இருக்கலாம் என்றே வையுங்கள். அந்த இரண்டு வீதத்துக்காகவா ஒரு மனுசனை விட்டோம்?

24 பிட் விசயத்தில் மட்டும் எதிர்க்கட்சி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். தப்பு எந்த நேரம் ஓங்கி விழும் என்று தெரியாது. அளவைத் தாழ்த்தி வைத்துப் பதிந்து பிறகு உயர்த்த அது உதவும். ஆனால் அதுக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

நாங்கள் எடுத்த பதிவுகள் கெட்டுப்போனது வேறு காரணங்களால். ஒரு பாட்டி தாலாட்டுப் பாடினார். லயக் காம்பராவில், மூலையில் மேசை மேல் போனை வைத்துவிட்டு நாங்கள் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தோம். கேட்டுப் பார்த்தால் தகரத்தில் மழை, பக்கத்து வீட்டு டீவி, நடுவில் எங்கேயோ பாட்டி. திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். எட்டு அடியில் இருந்த போனை இரண்டு அடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல், சல்லிக்காசு செலவில்லாமல். காம்பராவுக்குள் அவ்வளவு கிடைக்காவிட்டாலும் சுவரில் மோதி வருகிற எதிரொலி அமுங்கிவிடும். கதவில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் இன்னும் அமுங்கும். இதை யாரும் குழுவில் எழுதவே இல்லை. நம்பர் பேசுகிறது சுகம், பாட்டியிடம் போய் "கொஞ்சம் கிட்ட வரட்டுமா ஆயா" என்று கேட்கக் கூச்சம்.

தப்பு வேறு விதமான தலைவலி. நெருப்பில் காய்ச்சி இறுக்கின தோலில் குச்சி விழும்போது போன் பயந்து சத்தத்தைத் தானாகவே இறக்கிவிடும், அடுத்த செக்கனில் மறுபடி ஏற்றும். அடி எல்லாம் ஒரே உயரமாகி, நடுவில் 'ஸ்ஸ்' என்று மூச்சு வாங்கும். அந்தத் தானியங்கி ஏற்ற இறக்கத்தை நிறுத்த விடுகிற செயலியைப் போட்டு, வேவ் கோப்பாக எடுத்து, தப்புக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். காற்றுக்கு ஒரு மெல்லிய துணி. போன் பறக்கும் நிலையில். முடிந்ததும் கோப்பை வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பித் தொலைக்காதீர்கள், அது நசுக்கிவிடும். பழைய நாடாக்களை எண்மமாக்கும்போது சர்வதேச ஆவணக் காப்பகக்காரர்கள் கேட்பதே குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். அந்த 48 நம்மில் அநேகமான பேரின் காற்சட்டைப் பைக்குள் ஏற்கனவே இருக்கு.

என் பாட்டியிடம் ஒரு கேசட் இருக்கிறது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவருடைய தம்பி குடும்பம் இந்தியா போய் நீலகிரியில் தங்கியது. எண்பதுகளில் அவர் கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் முழுக்கப் பேசி, யாரிடமோ கொடுத்து அனுப்பினார். செட்டோடு வருகிற மைக்கில் பேசினது. இரைச்சலுக்குள்ளிருந்துதான் குரல் வருகிறது, மேல்முனை என்று ஒன்று இல்லவே இல்லை. பாட்டி இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் சொல்வார்: "பல்லு விழுந்திருக்கு அவனுக்கு. சொல்லாம மறைக்கிறான் பாரு."

96 கிலோஹேர்ட்ஸ் இதுக்கு மேல் அவருக்கு என்ன சொல்லியிருக்கும்?

1890-இல் ஜெசி வால்டர் ஃபியூக்ஸ் என்பவர் அமெரிக்காவில் பசமகுவாடி பழங்குடி மக்களின் பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிந்தார். உருளை ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிசம், பெரும்பகுதி கரகரப்பு. அந்த மக்களின் வாரிசுகள் இன்று அதைக் கேட்டுத்தான் விட்டுப்போன பாட்டுகளைத் திரும்பப் படிக்கிறார்கள். நம்ம பக்கம் சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வைத்தார். அதனால் சொல் தப்பித்தது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் மெட்டு வராது. எல்லார் கையிலும் மைக் இருக்கிற காலத்தில் பிறந்துவிட்டு, எங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

தப்புக்காரரின் மகனிடம் போன கிழமை பேசினேன். அப்பாவின் தப்பை எடுத்து வைத்திருக்கிறார். அடிக்கத் தெரியுமா என்று கேட்டதுக்கு, "முழுசா வராது தம்பி. ஞாபகம் இருக்கிறத அடிக்கிறேன், வாங்க" என்றார்.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கம்பளை பஸ் ஸ்டாண்டில் நிற்போம். வருகிறவர்கள் போனை நிறையச் சார்ஜ் போட்டுக்கொண்டு வரவும். ஒரு பழைய கம்பளியும் வேணும்.