ஐந்து நாள் ஜுரம்

குழந்தைக்கு ஜுரம் கண்டு 5 நாளாகியும் தணியவில்லை. கண்கள் சிவந்திருக்கின்றன, பீளை இல்லை. உதடு வெடித்திருக்கிறது, மேலெல்லாம் தடிப்பு. அம்மையென்று தீர்மானித்து வேப்பிலை செருகிவிட்டுச் சும்மாயிருப்பது நம் வீடுகளில் வழக்கம். அது அம்மையாக இல்லாமலும் இருக்கலாம்.

1961-ஆம் வருஷம் டோக்கியோவில் டாக்டர் தோமிஸாகு கவாஸாகி என்பவர் 4 வயதுப் பையன் ஒருவனிடம் இத்தகைய குறிகளைக் கண்டார். இன்ன நோயென்று விளங்கவில்லை. அவசரப்பட்டு ஏதோவொரு பெயரைச் சூட்டி அனுப்பாமல், 50 குழந்தைகளைப் பார்த்த பின்பே 1967-ல் எழுதி வெளியிட்டார். நம் வைத்தியர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை உண்டோ!

ரத்தக் குழாய்கள் அழற்சி கொள்ளும் இந்நோயைக் கவனியாது விட்டால், ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இருதயத்தைப் போஷிக்கும் நாடிகள் கெட்டுப் புடைத்துவிடுகின்றன. 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பில் ஏற்றினால் அபாயம் இருபதில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் நோயை நிச்சயப்படுத்தத் தனிப் பரிசோதனை ஏதுமில்லை. குறிகளும் ஒருங்கே வருவதில்லை. தடிப்பு மறைந்த பின் கைகால் வீங்கலாம். கழுத்தில் நெறி கட்டலாம். விரல் நுனித் தோல் உரியும் வரை காத்திருந்தாலோ காலம் கடந்துவிடும். ஆகையால் தாய்மார்கள் எதை எந்நாளில் கண்டோமென்று குறித்து வைத்து, மறைந்துபோன குறியையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு வயது நிரம்பாத சிசுவுக்கு ஓரிரு குறிகளே தோன்றலாம். இருதயத்துக்கு ஆபத்தோ அதற்கே அதிகம்.