எண்ணெய் மாறினால் காரமும் மாற வேண்டும்

வீட்டிலேயே சோப்பு, மெழுகுவர்த்தி செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விளக்கம் தரப்படுகிறது.

பாதி வேப்பெண்ணெய் சேர்த்துச் செய்த சோப்பு கையை எரிக்கிறது. காரணம் என்ன?

பேராவூரணி பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது. சொந்தத் தோப்புத் தேங்காயைக் கொப்பரையாக்கி, செக்கில் ஆட்டிய எண்ணெயில் ஒரு வாசகி பொழுதுபோக்காகச் சோப்பு செய்து வருகிறார். 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 174 கிராம் காஸ்டிக் சோடா என்ற அளவில் செய்த சோப்பு நன்றாகவே வந்திருக்கிறது. இந்த முறை பிள்ளைகளுக்கு வியர்க்குரு என்பதால் 500 கிராம் தேங்காய் எண்ணெய், 500 கிராம் வேப்பெண்ணெய் என்று மாற்றியிருக்கிறார். காரத்தின் அளவை மட்டும் மாற்றவில்லை. சோப்பு கட்டியாக வந்துவிட்டது. தேய்த்தால் கை எரிகிறது. நாள்பட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்.

அப்படி நம்பி வைத்திருக்கக் கூடாது. அந்தச் சோப்பைப் பிள்ளைகளுக்குப் போடவே கூடாது. அதில் எண்ணெயோடு சேராத காரம் மிச்சம் இருக்கிறது.

காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகிறது. ஒவ்வோர் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் வேறு வேறு. அதனால் ஒவ்வொன்றும் ஏற்றுக்கொள்ளும் காரத்தின் அளவும் வேறு. 1 கிலோ எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறத் தேவைப்படும் காஸ்டிக் சோடா ஏறக்குறைய இவ்வளவு:

தேங்காய் எண்ணெய் – 183 கிராம்
வேப்பெண்ணெய் – 139 கிராம்
இலுப்பை எண்ணெய் – 137 கிராம்
கடலை எண்ணெய் – 136 கிராம்
நல்லெண்ணெய் – 134 கிராம்
விளக்கெண்ணெய் – 128 கிராம்

இந்த அளவை முழுதாகப் போடாமல் 100-க்கு 5 பங்கு குறைத்துப் போடுவதே பாதுகாப்பான வழக்கம். தேங்காய் எண்ணெய்க்கு 183-ல் 5 சதவீதம் கழித்தால் 174. வாசகி முன்பு போட்ட அளவு சரியானதுதான்.

பாதி வேப்பெண்ணெய் சேர்த்ததும் கணக்கு மாறிவிடுகிறது. 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 91.5 கிராம், 500 கிராம் வேப்பெண்ணெய்க்கு 69.5 கிராம், ஆக மொத்தம் 161 கிராம். இதில் 5 சதவீதம் கழித்து 153 கிராம்தான் போட்டிருக்க வேண்டும். போட்டதோ 174. எண்ணெய் முழுவதும் சோப்பான பிறகும் 13 கிராம் காரம் சோப்பிலேயே தங்கிவிட்டது. எரிச்சல் அதனால்தான்.

வீணாக்காமல் சரிசெய்ய வழி இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு சோப்பு முழுவதையும் துருவ வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அதைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து இளக்க வேண்டும். இளகியதும் 120 கிராம் தேங்காய் எண்ணெயைச் சேர்த்து, எண்ணெய் தனியாகத் தெரியாத அளவுக்கு நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு அச்சில் அழுத்தி, மறுநாள் வெட்டி, 4 வாரம் உலர விட வேண்டும். இந்த 120 கிராம் சேர்ந்தால் 174 கிராம் காரத்துக்கு ஏற்ற எண்ணெய், 5 சதவீத மிச்சத்தோடு கிடைத்துவிடும்.

சோப்பின் மேலே மட்டும் மெல்லிய வெள்ளைப் பூச்சு படிந்தால் பயம் வேண்டாம். காரம் காற்றோடு சேர்ந்து உண்டாகும் சோடியம் கார்பனேட் அது, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். வெட்டிப் பார்க்கும்போது உள்ளே வெள்ளைத் திட்டுகளோ, நீர் கோத்த குழிகளோ தெரிந்தால் அது கலக்காத காரம். அதைத் தொடக் கூடாது.

இன்னொன்று: வியர்க்குருவுக்கு வேப்பெண்ணெய்ச் சோப்பு மருந்து ஆகாது. குழந்தையின் தோலில் புண்ணோ கொப்புளமோ இருந்தால் வீட்டுச் சோப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

எண்ணெயை லிட்டரில் அளந்தால் போதாதா?

போதாது. 1 லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை சுமார் 920 கிராம்தான். அதற்கு முழு அளவாகத் தேவைப்படும் காரமே 168 கிராம். 1 லிட்டரை 1 கிலோ என்று எண்ணி 174 கிராம் போட்டால், பாதுகாப்புக்காக விட்ட 5 சதவீதம் போய், 6 கிராம் காரமும் மிஞ்சிவிடும். தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் எடையாகவே எடுக்க வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். ஆனால் 200, 300 கிராம் எண்ணெயில் செய்து பார்க்கக் கூடாது. அவ்வளவு சிறிய அளவில் தராசு ஒன்றிரண்டு கிராம் தவறினாலும் பெரிய வித்தியாசம் ஆகிவிடும். குறைந்தது 500 கிராம் எண்ணெயாவது எடுக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது சோடியம் ஹைட்ராக்சைடுதானா என்று லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். காஸ்டிக் பொட்டாஷ் வேறு பொருள். அதற்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது, சோப்பும் கட்டியாகாது. சாக்கடை அடைப்பு நீக்கும் பொடிகளில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அவற்றைச் சோப்புக்குப் பயன்படுத்தவே கூடாது.

தினமும் குளிக்க ஏற்ற ஒரு கலவையும் செய்முறையும் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் மட்டும் போட்ட சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் சிலருக்குத் தோல் வறளும். கடலை எண்ணெய் சேர்த்தால் மென்மை கூடும். விளக்கெண்ணெய் சிறிது சேர்ந்தால் நுரை சட்டென்று அடங்காது.

தேங்காய் எண்ணெய் 600 கிராம், கடலை எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 155 கிராம், தண்ணீர் 310 கிராம். 5 சதவீதம் கழித்த பிறகு வரும் அளவு இது.

தண்ணீரைப் பாத்திரத்தில் எடுத்து, காஸ்டிக் சோடாவை அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, சீறித் தெறிக்கும். கரையும்போது அடுப்பில்லாமலேயே கொதிக்கும் அளவுக்குச் சூடேறும், நெடியும் வரும். அதனால் காற்றோட்டமான திண்ணையிலோ களத்திலோ செய்ய வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரிக்கும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கண்ணாடிப் பாத்திரம் சூட்டில் வெடிக்கலாம். ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் அவசியம்.

காரக் கரைசலும் எண்ணெயும் கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு, அதாவது ஏறக்குறைய 40 டிகிரிக்கு வந்ததும் கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். சூட்டைப் பாத்திரத்தின் வெளிப்பக்கம் தொட்டுப் பார்க்கலாம்; கரைசலில் விரல் வைக்கக் கூடாது. கையால் கலக்கினால் அரை மணி முதல் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கலவை இளம் தோசை மாவுப் பதத்துக்கு வந்து, கரண்டியிலிருந்து விழும் துளி மேற்பரப்பில் தடம் பதித்தால் பதம் சரி. எண்ணெய்த்தாள் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி மூடி வைத்து, மறுநாள் கையுறையோடு வெட்டலாம். நிழலில், காற்றுப்படும்படி இடைவெளி விட்டு அடுக்கி 4 வாரம் வைக்க வேண்டும். அதற்குள் மீதிக் காரமும் சேர்ந்து முடியும், ஈரம் வற்றிச் சோப்பு கெட்டியாகும், சீக்கிரம் கரையாது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காஸ்டிக் சோடாவை எப்படி வைப்பது?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். காஸ்டிக் சோடா பார்வைக்குக் கல் உப்பு, கற்கண்டு போலவே இருக்கும். கரைசலோ வெறும் தண்ணீர் போலத் தெரியும். குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ உப்பு ஜாடியிலோ அதை ஒருநாளும் வைக்கக் கூடாது. வாங்கிய டப்பாவிலேயே இறுக மூடி, மேலே பெரிதாக எழுதி, பூட்டும் அலமாரியில் வைக்க வேண்டும். கரைசலை அன்றைக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே கரைக்க வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து, ஆடு மாடு கோழி வராத இடத்தில் செய்வது நல்லது. செய்யும்போது யாராவது கூப்பிட்டாலும் கரைசலை விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது.

தோலில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். வினிகர், எலுமிச்சைச் சாறு எதையும் ஊற்றக் கூடாது. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தொண்டையும் உணவுக் குழாயும் இரண்டாம் முறை வெந்துவிடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, 108-க்கு அழைத்து, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அழுகை நின்றுவிட்டது என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது.

இந்த அளவுக்குக் கவனம் வைக்க முடியாத வீட்டில், பிள்ளைகள் வளரும் வரை சோப்பு செய்வதைத் தள்ளிப்போடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

பழைய தேனடையில் மெழுகுவர்த்தி செய்யலாமா? தேங்காய் எண்ணெயில் வருமா?

மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர் கேட்டிருக்கிறார். தேனடையில் தாராளமாகச் செய்யலாம். பழைய அடைகளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் மெழுகு உருகி மேலே மிதக்கும். ஆறியதும் தட்டாக எடுத்து, அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டிவிடலாம். இரும்பு, செம்புப் பாத்திரங்கள் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும்.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். அதை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் மெழுகு சிதறிவிடும். மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். பின்னிய பருத்தித் திரியை மெழுகில் முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்கிக்கொண்டே வந்தால் வேண்டிய பருமனுக்கு வத்தி வளரும். சுடர் சிறுத்து, சுற்றிலும் மெழுகு தேங்கி அணைந்தால் திரி மெல்லியது. புகைந்தால் திரி தடிமன் அதிகம், அல்லது நீளம் அதிகம்.

தேங்காய் எண்ணெய் சுமார் 25 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊர் வெயிலில் அது வத்தியாக நிற்காது. மண் அகலில் ஊற்றித் திரி போட்டால் விளக்காக எரியும். கொட்டாங்குச்சியில் ஊற்றி ஏற்றுவது அழகாகத் தெரியலாம். திரி சாய்ந்தால் ஓடே தீப்பிடிக்கும்.

அக்கம்பக்கத்தார் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். விற்கலாமா?

வீட்டுக்குச் செய்துகொள்ளத் தடை இல்லை. விற்பனைக்குக் குளியல் சோப்பு தயாரிப்பது வேறு. 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி அதற்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சிரங்கு போகும், படை போகும் என்று உறையில் எழுதினால் அது மருந்துக்கான சட்டத்துக்குள் போய்விடும். தொழிலாகச் செய்யும் எண்ணம் இருந்தால், அச்சும் இயந்திரமும் வாங்குவதற்கு முன்பே மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் விசாரித்துக்கொள்வது நல்லது. கடன் வாங்கிய பிறகு விசாரிப்பதில் பயன் இல்லை. மெழுகுவர்த்திக்கு இந்த அழகுசாதன உரிமம் தேவையில்லை.

சோப்புத் துண்டுகளை வேப்பெண்ணெய்க் கரைசலில் சேர்த்துத் தெளிக்கலாமா?

எண்ணெயும் தண்ணீரும் கலப்பதற்காகத்தான் காதி சோப்பு சேர்க்கப்படுகிறது. 4 வாரம் உலர்ந்த, கையை எரிக்காத வீட்டுச் சோப்பும் அந்த வேலையைச் செய்யும். முதலில் நாலைந்து செடிகளில் மட்டும் மாலை நேரத்தில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிறகு வயலுக்குத் தெளிக்கலாம். காரம் மிஞ்சிய சோப்பை இதற்கும் பயன்படுத்தக் கூடாது, இலை கருகும். எண்ணெயை மாற்றும் ஒவ்வொரு முறையும் தாளில் கணக்குப் போட்டு, செய்த தேதியையும் எண்ணெய், காரத்தின் எடைகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், சோப்பு எரிந்தால் எங்கே தவறியது என்று தேட வேண்டியிருக்காது.