ஊசிக்குப் பயம், பொடிக்கு நம்பிக்கையா?

ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து நீரிழிவுக்காரரிடம் இன்சுலின் ஊசி என்று சொன்னால், "அது கடைசிக் கட்ட மருந்து, ஒரு நாள் போட்டால் ஆயுளுக்கும் விடாது, கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று பதில் வருகின்றது. யார் சொன்னது என்று கேட்டால் பதிலில்லை. ஆனால் அதே ஆசாமி சிவசைலத்துக்கு நேர்ந்துகொள்ளவும், பெயர் தெரியாத பொடியை விழுங்கவும் தயங்குவதேயில்லை.

நாம் கேட்கின்றோம்: தினமும் சோறு தின்கின்றோமே, சோற்றுக்கு அடிமையாகிவிட்டோம் என்று யாராவது பட்டினி கிடப்பதுண்டா? இன்சுலின் நமது கணையத்தில் ஊறுகின்ற பொருளேயாகும். போதுமான அளவு ஊறாதவனுக்கு வெளியிலிருந்து கொடுக்கப்படுகின்றது. விழுங்கினால் வயிற்றில் செரித்துப்போகும்; ஆதலால் ஊசி. கிட்னியைக் கெடுப்பது அடங்காத சர்க்கரையே ஒழிய ஊசியல்ல.

1922-க்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு அரைப்பட்டினியே வைத்தியம், முடிவு சாவு. "கர்மபலன்" என்பார்களே, அந்தக் கர்மபலனை அவ்வாண்டு ஜனவரியில் டொரொண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்குப் போட்ட ஊசி மாற்றிவிட்டது. பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகியோர் தங்கள் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்துவிட்டார்கள். கருணாமூர்த்தி என்கின்ற கடவுளுக்கோ இன்னும் உண்டியல் வேண்டியிருக்கின்றது!

நிற்க, ஊசியும் போட்டு விரதமும் இருப்போர்க்கு ஒரு வார்த்தை. சர்க்கரை அளவு மீறி இறங்கும். நடுக்கமும் வியர்வையும் கண்டவுடனே சர்க்கரை சாப்பிட வேண்டும். மயக்கம் வரும்வரை விடக்கூடாது.

எல்லோருக்கும் ஊசி வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதை ரத்தப் பரிசோதனையும் டாக்டரும் தீர்மானிக்கட்டும். ஆனால் இன்சுலின் ஊறாத குழந்தையின் ஊசியை நிறுத்திவிட்டு வேண்டுதலுக்குப் போகின்ற பெற்றோர், பக்தியின் பேரால் கொலையே செய்கின்றார்கள்.