அல்லிராணி எங்கே உறங்கினாள்?

சென்ற விடுமுறையில் ஒருநாள் கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு அரிப்புக்குச் சென்றோம். மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து, வங்காலை வழியே தெற்கு நோக்கிச் சென்று, அருவியாற்றையும் தாண்டினால் அரிப்பு. அங்கே கடலோர மேட்டின் விளிம்பில் கூரையிழந்த செங்கற் சுவர்கள் சில நிற்கின்றன. ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர்.

சுவரின் நிழலில் அமர்ந்ததும் என் மாமியார், "இதுதான் மோனை, அல்லிராணி அரசாண்ட இடம்" என்று பேத்திக்குக் காட்டினார். எட்டு வயதுப் பெண் அறை அறையாகச் சுற்றிவந்து, "அப்பா, அல்லிராணி எந்த அறையிலே நித்திரை கொண்டவ?" என்று கேட்டாள்.

நான் சரித்திரம் படிப்பிப்பவன். சும்மா இருக்க முடியுமா? அல்லி மதுரையை ஆண்டு அருச்சுனனை மணந்ததாகக் கதைப்பாடல் கூறும். இந்த வீடோ பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டுவித்தது. கிரேக்க முறைத் தூண்களால் 'டோரிக்' எனப் பெயர் பெற்றது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பிள்ளையின் முகம் வாடியது. மாமியார் வெற்றிலைப் பையைத் திறந்தாரே ஒழிய ஒன்றும் பேசவில்லை. என் கெட்டித்தனம் எனக்கே கசந்தது.

பாழடைந்த இடங்களைப்பற்றிப் பேசுவோர் நம்மிடையே இருவகையினர். ஒரு சாரார் ஊர்க்கதையை எள்ளி நகையாடுவர். மறுசாரார் அதனையே சரித்திரமென்று சத்தியம் செய்வர். இரு சாராரும் சுவரைப் பார்ப்பதில்லை என்பது என் கருத்து.

அன்று சுவரைப் பார்த்தேன். 1807இல் இலங்கையைப்பற்றி நூல் வெளியிட்ட கோடினர் என்ற பாதிரியார் இம்மாளிகையை வியந்து எழுதியிருக்கிறார். இதன் வெள்ளைப் பூச்சு சிப்பி நீற்றிய சுண்ணாம்பு. அந்தச் சிப்பிகள் எப்படிக் கரைக்கு வந்தன? கல்லைக் காலுக்குத் துணையாகக் கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்கிய குளிகாரர் கூடையை நிரப்பினர். மேலே கயிற்றைப் பிடித்தவன் தூக்கினான். இப்பக்கத்தாரும், கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்தாரும், அரேபியரும் இங்கே குளித்தனர். சுறாவை மந்திரத்தால் கட்டுவதற்கென்று கடற்கட்டி ஒருவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. எஞ்சிய ஒரு பங்கே குளித்தவருக்கு. 1906இல் பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகையாயின. சில ஆண்டுகளுக்குள் சிப்பி அற்றது, கம்பனியும் ஒழிந்தது.

மகளை அழைத்துப் பூச்சைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். குளிகாரர் கதையைச் சொன்னேன். உற்றுக் கேட்டவள், "அப்ப, அவையள் எங்க நித்திரை கொண்டவை?" என்றாள்.

கடற்கரையில், ஓலைக் குடிசைகளில். சிலாபம் கூடினால் வெறும் மணலில் ஒரு பட்டினம் எழும்; முடிந்தால் பிரிந்து போகும். அவர்கள் உறங்கிய இடத்துக்கு ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. தேசாதிபதியின் வீட்டுக்கு மக்கள் தம் இராணியின் பெயரைச் சூட்டியது அறியாமையால் என்று இனி நான் சொல்லமாட்டேன். தம் கடலின் செல்வத்தில் எழுந்த வீடு தம்முடையதே என்று அவர்கள் போட்ட வழக்காகவும் அது இருக்கலாமல்லவா?

'அந்நியன் கட்டிய மாளிகை. கடல் கொண்டால் கொள்ளட்டும்' என்பார் உளர். மாளிகை அந்நியனுடையதுதான். சுண்ணாம்பு எவருடையது? அதில் கலந்த மூச்சு எவருடையது? அவ்வுழைப்புக்கு இக்கரையில் எஞ்சிய சாட்சி மிகச் சில. அவற்றுள் ஒன்று, அடியிலுள்ள மேட்டை அலை அரிக்க, ஏற்கெனவே பெரும்பகுதி சரிந்துவிட்டது. சுவர் மட்டுமா போகிறது? 1990இல் இம்மாவட்டத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போரில் தமிழரும் இடம்பெயர்ந்தனர். திரும்பியோர் உளர், ஆனால் கதை தெரிந்த முதியோர் பலர் திரும்பவில்லை.

தொல்பொருள் திணைக்களம் செய்யவேண்டியதை அது செய்யட்டும். ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. மன்னாருக்குச் சுற்றுலா வரும் வகுப்புகள் திருக்கேதீச்சரத்தையும், மன்னார்க் கோட்டையையும், பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் கண்டபின் அரிப்புக்கும் வரட்டும். ஒரு மாணவன் சுவரை அளக்கட்டும். ஒருத்தி படம் வரையட்டும். மற்றொருத்தி ஊர்ப் பெரியவரிடம் அல்லிராணி கதையைக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதட்டும். எது சரித்திரம், எது கதை என்று வகுப்பறையில் பிரித்துக்கொள்ளலாம். எழுதாமல் விட்டால் பிரிப்பதற்கு ஒன்றும் இராது.

திரும்பும் வழியில் மாமியாரிடம் அல்லி கதையை முதலிலிருந்து சொல்லும்படி நானே கேட்டேன். வங்காலைவரை சொன்னார், மிச்சம் இருக்கிறது. அடுத்த முறை சோற்றுப் பொதியோடு அளவு நாடாவும் ஒரு கொப்பியும் கொண்டு செல்வோம்.