வீட்டுக் கணிப்பொறியில் படத்தொகுப்பு: எதைத் தேர்வது?

எங்கள் கோவில்பட்டி வீட்டு அலமாரியில் பழைய வீடியோ நாடா ஒன்று இருக்கிறது. 1994ஆம் ஆண்டு என் தமக்கையாரின் நிக்காஹ் நாளில் எடுக்கப்பட்டது. மூன்று மணி நேரம் ஓடும் அந்நாடாவில் என் அத்தா பேசுவது நாற்பது நொடிகள் மட்டுமே. பந்தி நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு, ‘வெளியூர்க்காரங்களை மொதல்ல உக்கார வைங்கப்பா’ என்கிறார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய குரலாக எங்களிடம் எஞ்சியிருப்பது அவ்வளவே.

வி.சி.ஆர். கருவிகளை உலகில் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையுடன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவும் நாளுக்கு நாள் பூசணம் பிடிக்கும். ஆகவே, சென்ற ஆண்டு கடையொன்றில் கொடுத்து அதனைக் கணிப்பொறிக் கோப்பாக மாற்றி வாங்கி வந்தேன். அந்த நாற்பது நொடிகளைப் பிரித்தெடுத்து உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதே என் விருப்பம். எந்த மென்பொருளில் இதனைச் செய்வது என்று கேட்டபோது மகன் ஒன்றைச் சொன்னான். அண்டை வீட்டு இளைஞர் மற்றொன்றைச் சொன்னார். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி, அதற்கு என் கணிப்பொறி போதாது என்றும் சேர்த்துச் சொன்னார். தமிழ் ஆசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வினவுவோர் உண்டு. அவர்களுக்கான விடை இக்கட்டுரையின் போக்கிலேயே கிடைக்கும்.

ஒரு காலத்தில் இக்கேள்வியே எழுந்ததில்லை. விண்டோஸ் கணிப்பொறியை வாங்கினால் ‘மூவி மேக்கர்’ உடன் வந்தது. 2000ஆம் ஆண்டில் அறிமுகமான அம்மென்பொருளில் வெட்டலாம், ஒட்டலாம், தலைப்பு எழுதலாம்; அதற்கு மேல் அதிகமில்லை. வீட்டுத் தேவைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 2017 ஜனவரி 10 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனைக் கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், அப்பெயரைத் தாங்கிய போலி மென்பொருள் ஒன்று இணையத்தில் உலவிப் பணம் பறிப்பதாகக் கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் எச்சரித்தது. பெயரை மட்டும் தேடி, முதலில் கண்ணில் படுவதை இறக்கிக்கொள்வோருக்கு இன்றும் அந்த ஆபத்து உண்டு.

மூவி மேக்கர் பற்றி எனக்கு வேறொரு நினைவும் இருக்கிறது. அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கிய பின், எங்கள் மாணவர்கள் பலர் வட்டார வழக்குக் கள ஆய்வுகளைப் படம்பிடித்து வரத் தொடங்கினர். மாணவர் ஒருவர் கரிசல் மூதாட்டி ஒருவரிடம் மானாவாரி விதைப்பு பற்றிக் கேட்டு, இரு வாரம் உழைத்துத் தொகுத்து, கருத்தரங்க நாளில் பென் டிரைவுடன் வந்தார். கோப்பைத் திறந்தோம். படங்கள் இருக்க வேண்டிய கட்டங்களில் எல்லாம் சிவப்புப் பெருக்கல் குறிகள். அவர் கொண்டுவந்தது ‘புராஜெக்ட்’ கோப்பு. அதில் படம் இராது. எந்தப் படத்தை எந்த நொடியில் வெட்ட வேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே இருக்கும். படங்களோ வீட்டு மடிக்கணினியில். அந்த மடிக்கணினியும் மறு மாதம் பழுதாகிவிட்டது. மூதாட்டியார் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். இந்த வேறுபாட்டை அம்மாணவருக்கு முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. அன்று எனக்கும் அது தெரியாது.

அன்று முதல் ஒரு மென்பொருளைப் பார்க்கும்போது அதில் எத்தனை வாணவேடிக்கைகள் உண்டு என்று நான் கேட்பதில்லை. செய்த வேலை நம் கையில் நிற்குமா, நம் எழுத்து அதில் நிற்குமா என்பனவே என் கேள்விகள்.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். தேர்வுக்கு உரைகல்லாக ஒரே சொல் போதும்: கோவில்பட்டி. மென்பொருளைத் திறந்து, தலைப்புப் பகுதியில் இவ்வூர்ப் பெயரைத் தட்டச்சிடுங்கள். ஒருங்குறி முறையில் ‘கோ’ என்னும் எழுத்து, முதலில் ‘க’, அதன்பின் ஓகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போதோ அக்குறியை இரண்டாகப் பிளந்து, இரட்டைக் கொம்பை ககரத்தின் இடப்புறமும் காலை வலப்புறமும் நிறுத்த வேண்டும. இவ்வித்தை அறியாத மென்பொருளில் ககரம் தனித்து நிற்க, குறியானது புள்ளி வட்டத்துடன் பின்னால் ஒட்டாமல் தொங்கும். பெருந்தொகை கொடுத்து வாங்கிய மென்பொருள்களிலேயே இக்கோலத்தை நாம் ஆண்டுக்கணக்கில் பார்த்ததுண்டு. அதனால்தான் கல்யாண வீடியோக்காரர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடவில்லை. அவற்றில் எழுத்து திரையில் அழகாகவே தெரியும். ஆனால் கணிப்பொறியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற குவியல். நாளை அத்தலைப்பைத் தேடினால் கிடைக்காது.

எழுத்துகளை இவ்வாறு வரிசை மாற்றி அமைக்கும் பணிக்கென ‘ஹார்ஃப்பஸ்’ என்றொரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல் ஃபயர்ஃபாக்ஸ் வரை பலவற்றின் உள்ளே இருந்து வேலை செய்வது அதுவே. அப்பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. ‘ஹர்ஃப்’ என்றால் எழுத்து. ஓதப் பழகிய எவருக்கும் அறிமுகமான சொல்தான். இடத்திற்கேற்ப உருமாறி ஒன்றோடொன்று கைகோக்கும் அரபு எழுத்துகளுக்கும், கொம்பும் காலும் இடம் மாறும் தமிழ் எழுத்துகளுக்கும் ஒரே கருவி துணைநிற்கிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதிவைத்துப் படித்த என் பாட்டியார் இதனைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார், இயல்புதானே என்றிருப்பார்.

அடுத்தது வேலை நம் கையில் நிற்பது. மாதச் சந்தா கட்டும் மென்பொருள்களை வீட்டிற்கு நான் பரிந்துரைப்பதில்லை. சந்தா நின்ற அன்று, தொகுப்பைத் திறக்கும் உரிமையும் நின்றுபோகும். இலவசம் என்று அழைத்து, முடித்த படத்தின் மூலையில் தன் முத்திரையைக் குத்தி, அதனை நீக்கப் பணம் கேட்பவை வேறொரு வகை. விண்டோஸ் 11 உடன் வரும் கிளிப்சாம்ப் அத்தகையதன்று. அதன் இலவச வடிவில் முத்திரை இல்லை. எனினும் அதனைப் பயன்படுத்தக் கணக்குத் தொடங்கி உள்நுழைய வேண்டும். வீட்டுக்காரர் தம் வீட்டிற்குள் செல்ல அனுமதிச் சீட்டு வாங்குவது போன்றது அது. டாவின்சி ரிசால்வ் திரைத்துறையினர் நம்பிக் கையாளும் மென்பொருள். அதன் இலவச வடிவமே பெரும் ஆற்றல் உடையது. ஆனால் 16 ஜி.பி. நினைவகமும் நல்ல வரைகலை அட்டையும் கேட்கும். நாற்பது நொடி வெட்ட அத்தனை பெரிய அரிவாள் வேண்டியதில்லை.

எஞ்சுபவை கட்டற்ற மென்பொருள்களான ஓப்பன்ஷாட், ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய மூன்றும். இவற்றிற்குக் கட்டணமில்லை, முத்திரையில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இவற்றைவிட நான் பெரிதாக மதிக்கும் பண்பு ஒன்றுண்டு. இம்மூன்றின் புராஜெக்ட் கோப்புகளும் வெறும் எழுத்துக் கோப்புகளே. நோட்பேடில் திறந்தாலே, எந்தப் படக்கோப்பின் எப்பகுதி எடுக்கப்பட்டது என்பதைப் படித்தறியலாம். அம்மென்பொருளே மறைந்துபோனாலும், பொறுமையுள்ள ஒருவர் அக்குறிப்பைக் கொண்டு தொகுப்பை மீண்டும் கட்டிவிட முடியும்.

மூன்றனுள் என் தேர்வு ஷாட்கட். சாதாரணத் தரப் படங்களுக்கு 4 ஜி.பி. நினைவகமும், உயர்தரப் படங்களுக்கு 8 ஜி.பி.யும் போதும் என்பது அதனை ஆக்கியோர் சொல்லும் கணக்கு. கைப்பேசிப் படங்களில் நொடிக்கு நொடி சட்டங்களின் எண்ணிக்கை மாறுவதால், தொகுக்கும்போது உதடு ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமுமாகப் போவதுண்டு. அத்தகைய கோப்பை உள்ளிட்டால், தொகுப்பதற்கேற்ற வடிவுக்கு மாற்றித் தரட்டுமா என்று அதுவே கேட்கும். முதல் நாள் அதன் முகப்பு சற்று மிரட்டும் என்பது உண்மை. இரண்டாம் நாள் பழகிவிடும்.

கைப்பேசியிலேயே எல்லாம் செய்துவிடலாமே என்பர் மாணவர். ஒரு நிமிட வாழ்த்துப் படத்திற்கு மறுப்பில்லை. ஆயினும், 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது அவற்றுள் விவாவீடியோ என்னும் தொகுப்புச் செயலியும் இருந்ததை நினைவிற் கொள்க. ஒரு மணி நேரக் கள ஆய்வு முழு உயர்தரத்தில் ஏறத்தாழ 7 ஜி.பி. அளவு வரும். அதனை உள்ளங்கைத் திரையில் விரலால் நறுக்குவது பயனுள்ள வேலையன்று. மேலும், பேச்சில் உள்ள மௌனங்களைத் தானாகவே கண்டறிந்து வெட்டியெறியும் வசதியை இன்று சில மென்பொருள்கள் பெருமையாக விளம்பரம் செய்கின்றன. இதனைத்தான் நான் அஞ்சுகிறேன். கரிசல் சம்சாரியிடம் கலப்பையின் உறுப்புகளைக் கேட்டால் உடனே சொல்லமாட்டார். கொஞ்சம் நிறுத்தி, கையைக் காற்றில் வைத்துக் காட்டி, பிறகே பெயரைச் சொல்வார். அந்த நிறுத்தமும் கையசைவும் சொல்லின் பொருளைச் சேர்ந்தவை.

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்தபோது அவரிடம் இருந்தவை காதும் எழுதுகோலும். அவர் 2021 மே மாதம் மறைந்தார். சொல்லைச் சொல்லும் முகத்தையும் சேர்த்துப் பாதுகாக்கும் வாய்ப்பு நம் மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் இன்று மேசைமேல் இருக்கிறது. எடுத்த மூலப்படங்களை வெட்டாமல் இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். புராஜெக்ட் கோப்பும் அப்படங்களும் ஒரே உறையில் இருக்கட்டும். முடித்த படத்தை எம்பி4 வடிவில் தனியே எடுங்கள். பேசுபவரின் பெயர், ஊர், நாள் மூன்றையும் ஒருங்குறித் தமிழில் தலைப்பாக எழுதுங்கள். எழுத்து உடைந்தால் வேறொரு மென்பொருளில் படமாக எழுதி ஒட்டுங்கள்; அல்லது மென்பொருளையே மாற்றுங்கள்.

என் அத்தாவின் நாற்பது நொடிகளை வெட்டியெடுக்க எனக்கு ஒரு மாலை தேவைப்பட்டது. மகன் சொன்னபடி முன்னும் பின்னும் இறுக்கி வெட்டிப் பார்த்தேன்; சரியாக வரவில்லை. இருபுறமும் பத்து நொடிகள் சேர்த்துவிட்டேன். அதில் பீங்கான் தட்டுகளின் ஓசை கேட்கிறது, யாரோ ‘அண்ணே’ என்று அவரை அழைக்கிறார்கள், அவர் திரும்புகிறார்.