மூடும் கடைக்கு யார் பொறுப்பு?

ஒரு சிறு நகரில் பெரிய கம்பெனியின் கடை திறக்கப்படும் நாள் திருவிழாவைப் போன்றது. வாசலில் வாழை மரம், ஒலிபெருக்கி, பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம். நாடாவை வெட்ட நடிகையோ அமைச்சரோ வருகிறார். அதே கடை மூடப்படும் நாளில் யாரும் வருவதில்லை. காலையில் வேலைக்கு வரும் பெண்கள் இறங்கியிருக்கும் ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். இத்தகைய கடைகளால் நன்மையா, தீமையா என்று நாட்டில் எவ்வளவோ விவாதம் நடந்துவிட்டது. அவை வருவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். போவதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

2012 செப்டம்பரில், சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அன்னிய முதலீட்டை அனுமதிப்பதென்று மத்திய அரசு முடிவு செய்தபோது நாடே இரண்டுபட்டது. 20-ஆம் தேதி பாரத் பந்த் நடந்தது. திரிணாமுல் காங்கிரஸ் ஆதரவை வாபஸ் பெற்றது. எதிர்ப்பைத் தணிக்க நிபந்தனைகளும் இருந்தன. குறைந்தது 10 கோடி டாலர் முதலீடு வேண்டும். வாங்கும் உற்பத்திப் பொருள்களில் 30 சதவீதம் சிறு தொழில்களிடமிருந்து வரவேண்டும். மாநில அரசு சம்மதிக்க வேண்டும். இவை எல்லாம் அன்னியருக்கு. உள்நாட்டு முதலாளி நடத்தும் தொடர் கடைகளுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. சுதேசி என்றால் பயமில்லை என்று நினைத்தார்கள் போலும்! ஆனால் நாட்டு மக்கள் கண்ணெதிரே சரிந்து விழுந்த இரண்டு பெரிய தொடர் கடைகளும் சுதேசிகளே.

முதலாவது, சென்னையில் 1997-இல் தொடங்கிய சுபிக்ஷா. குளிர்சாதனம் இல்லை, ஆடம்பரம் இல்லை; அரிசி, பருப்பு, மருந்து என அன்றாடப் பண்டங்களை மலிவாகக் கொடுத்தது. தமிழ்க் குடும்பங்கள் அதைத் தங்கள் கடையாகவே கருதின. 2008-இல் நாடெங்கும் ஏறத்தாழ 1,600 கிளைகள். கடன் வாங்கிக் கட்டிய அந்தக் கோட்டை 2009-இன் தொடக்கத்தில் சில வாரங்களில் இடிந்தது. ஊழியருக்குச் சம்பள பாக்கி, கட்டட உரிமையாளருக்கு வாடகை பாக்கி, சரக்குக் கொடுத்தவருக்கு பில் பாக்கி.

இரண்டாவது, பிக் பஜார். 2001-இல் கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத் நகரங்களில் கடை விரித்து, பிறகு நடுத்தர ஊர்களுக்கும் பரவிய பெயர் அது. கடன் சுமையோடு கொரோனாவும் சேர்ந்தது. 2020 ஆகஸ்டில், அதை நடத்திய குழுமத்தின் வணிகத்தை ரிலையன்ஸுக்கு 24,713 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்பந்தமாயிற்று. அமேசான் வழக்குத் தொடுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2022 பிப்ரவரியில் வாடகை பாக்கியைக் காரணமாக்கிப் பல கடைகள் கைமாறின; பெயர்ப்பலகைகள் இறங்கின. அந்த ஊழியர்களுக்கு வேலை தரப் புதியவர்கள் முன்வந்தது உண்மைதான். ஆனால் சரக்குக் கொடுத்துக் காத்திருந்தவர்கள் கதை வேறு. 2022 ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. 2024 ஜூலையில் அதைக் கலைக்க உத்தரவாயிற்று. திவால் சட்டத்தின் வரிசையில் அடமானம் பெற்ற வங்கிகள் முன்னால் நிற்கின்றன. ஊறுகாயும் அப்பளமும் கொடுத்த சிறு உற்பத்தியாளர் வரிசையின் கடைசிப் பக்கம் நிற்கிறார்.

பெரிய நகரத்தில் ஒரு கடை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். சிறு ஊரில் அப்படியல்ல. அங்கே பெரிய கடை வந்த நாளிலிருந்தே மளிகைக்காரரின் முதல் கரையத் தொடங்கிவிடுகிறது. அது கரையும் விதத்தைக் கவனிக்க வேண்டும். அரிசி, எண்ணெய், சர்க்கரை போன்றவற்றைப் பெரிய கடை அடக்க விலையை ஒட்டியே விற்க முடியும். வேறு சரக்குகளில் அந்த லாபத்தை ஈடுகட்டிக்கொள்ளும். மாதச் சம்பளக்காரர்கள் முதல் வாரத்தில் ரொக்கத்துக்கு வாங்கும் பெரிய பட்டியல் அங்கே போய்விடுகிறது. இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசில்லாதபோது வாங்கும் அரைக் கிலோ துவரம்பருப்பு மட்டும் மளிகைக்காரரிடம், அதுவும் பற்றில் எழுதி. ரொக்க வாடிக்கை அங்கே, கடன் வாடிக்கை இங்கே என்றானால் எந்த முதல் தாங்கும்? சில ஆண்டுகளில் அவர் கதவைச் சாத்துகிறார். அவருக்குச் சரக்கு போட்ட மொத்த வியாபாரியும், செக்கு ஆட்டிய எண்ணெய்க்காரரும், மூட்டை தூக்கியவரும் கூடவே சரிகிறார்கள். பிறகு ஒரு நாள், லாபம் போதவில்லை என்று பெரிய கடையும் கிளம்பிவிட்டால் அந்த ஊருக்கு மிஞ்சுவது என்ன? புதியதும் இல்லை, பழையதும் இல்லை.

அதற்காக அண்ணாச்சி கடையெல்லாம் சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது. மளிகைக் கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு வார விடுமுறை உண்டா? நியமனக் கடிதம் உண்டா? பொழுது விடிந்ததிலிருந்து இரவு பத்து மணி வரை நின்றுவிட்டுக் கடைக்குள்ளேயே படுத்துறங்கிய தலைமுறைகள் உண்டு. இருபது பேருக்கு மேல் வேலை பார்க்கும் பெரிய கடையில் வருங்கால வைப்பு நிதி கட்டியாக வேண்டும், இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் வருகிறது. பள்ளிப் படிப்போடு நின்ற ஊர்ப் பெண்களுக்கு வீட்டுக்கு அருகில் கௌரவமான வேலை கிடைப்பது சிறிய விஷயமல்ல. சரியான எடை, அச்சிட்ட விலை, கையில் பில் என்று வாங்குவோருக்கும் நன்மைகள் உண்டு. ஆகவே பெரிய கடையே வேண்டாம் என்பது வாதமல்ல. ஊரின் வாழ்வைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறவர் விட்டுப்போகும்போது கணக்கை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்பதே வாதம்.

ஒரு ஊரின் ஒரே பிழைப்பு மூடப்பட்டால் என்ன நேரும் என்பதைக் கர்நாடகத் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த கோலார் தங்கவயலில், வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் உழைத்தன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கச் சம்பளத்தை நம்பியிருந்த ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியும் இளைத்தது. இன்று அதிகாலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நெருக்கியடித்து ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் பலர் போய் நிற்கும் இடம் எது? பெரிய கடைகளும், கிடங்குகளும், அவற்றின் காவல் வாசல்களும்தான். ஒரு மூடுவிழாவைப் பார்த்த குடும்பம் இன்னொரு மூடுவிழாவின் நிழலில் வேலை செய்கிறது.

சுரங்கத்துக்காவது சங்கம் இருந்தது, கொடி இருந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்று பழைய தொழில் தகராறு சட்டம் கூறியது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை முந்நூறாக உயர்த்திவிட்டது. பழையதிலும் சரி, புதியதிலும் சரி, அந்தப் பட்டியலில் கடைக்கு இடமில்லை. ஐம்பது பேருக்கு மேல் இருந்தால் அறுபது நாள் முன்னறிவிப்பு என்ற விதி உண்டு. ஆனால் சிறு ஊர்க் கிளையில் இருப்பது இருபது, முப்பது பேர். அவர்களிலும் ஒரு பகுதியினர் கான்ட்ராக்டரின் ஆட்கள். கிளை கிளையாகத் தலைகளை எண்ணினால் ஐம்பது எங்கே தேறும்? நாடெங்கும் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து வியாபாரம் செய்யும் கம்பெனி, சட்டத்தின் முன் வரும்போது மட்டும் சின்னக் கடையாகச் சுருங்கிவிடக் கூடாது.

மாநில அரசு நினைத்தால் முடியாதது ஒன்றும் இல்லை. கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. அன்று அதுவும் நடக்காத காரியம் என்றுதான் சொன்னார்கள். அதேபோல் மூன்று காரியங்களை எந்த மாநிலமும் யோசிக்கலாம். தொடர் கடை புதிய கிளைக்கு லைசென்ஸ் பெறும்போது, அந்தக் கிளை ஊழியரின் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையை முன்பணமாகக் கட்டவேண்டும். மூடினால் அது நேராக ஊழியர் கைக்குப் போகவேண்டும். முன்னறிவிப்புக்கு ஆள் எண்ணும்போது எல்லாக் கிளைகளையும் கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்தே எண்ணவேண்டும். சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது; அதை மீறி பாக்கி வைத்திருக்கும் கம்பெனிக்குப் புதிய கிளை திறக்க அனுமதி கொடுக்கக் கூடாது.

இதனால் முதலீடு ஓடிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஒழுங்காக நடத்த வருகிறவருக்கு மூன்று மாதச் சம்பளம் ஒரு பாரமாகாது. அதையே பாரம் என்கிறவர், பாக்கி வைத்துவிட்டுப் போகிற எண்ணத்தோடுதான் வருகிறாரோ என்று ஊர் சந்தேகப்பட்டால் அதில் தவறில்லை.

மளிகைக்காரர் நொடித்துப்போனால் அவரது வீடு அதே தெருவில்தான் இருக்கும்; கொடுக்கவேண்டியவர்களின் முகத்தில் அவர் தினமும் விழித்தாக வேண்டும். அந்த வெட்கமே அவர் கட்டிய முன்பணம். பம்பாயிலோ டில்லியிலோ தலைமை அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனிக்கு அந்த வெட்கம் இல்லை. ஆகவே அதற்குச் சட்டம் வேண்டும். அடுத்த திறப்பு விழாவுக்குக் கத்தரிக்கோல் எடுத்துப் போகும் அமைச்சர், நாடாவை வெட்டுவதற்கு முன், இந்தக் கடை ஒரு நாள் மூடினால் உள்ளே நிற்கும் பெண்களுக்கு யார் பொறுப்பு என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.